குன்னூரில் நீ தேர்ந்தெடுத்த வண்டி

இன்று காலை அக்கா மகன் வந்திருந்தான். வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். உட்கார்ந்ததும் இரண்டு வழவழப்பான புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தான். அவிநாசி ரோட்டு ஷோரூம்களில் கொடுத்தவை. புது அச்சு மையின் வாசனை காபி வாசனையையும் மீறிக்கொண்டு வந்தது. ஒன்றில் வேகத்துக்கு டர்போ வைத்த, நாலு கதவு செடான். இன்னொன்றில் இரண்டே பேர் உட்காருகிற, கூரையைப் பின்னால் மடித்துவிடுகிற வண்டி.

"மாமா, நீங்க அந்தக் காலத்துல கார் ராலி எல்லாம் போனவங்க. ரெண்டுல எதை எடுக்கலாம், சொல்லுங்க."

"நீயே பாத்து எடுத்துக்க, கண்ணு" என்றேன். ஆசையாகக் கேட்க வந்தவன் முகம் சுருங்கிவிட்டது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான். அவனிடம் நான் என்ன சொல்வது? இதேமாதிரி இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நீயும் நானும் ஒருமுறை நின்றோம். அதன் பிறகு நம் இருவருக்கும் எதுவும் பழையபடி இல்லை. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போதுதான் உனக்கு எழுதத் தோன்றுகிறது.

நீ காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் மில்காரர் வீட்டுப் பிள்ளை. நான் சூலூரில் தறி ஓட்டியவர் மகன். பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் நம் கட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. படிப்பு முடிந்து நீ மில்லுக்குப் போனாய். நான் நாலு லேத்துகளைப் போட்டு பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையும் பட்டறை வைத்தேன். ஆனால் நம்மைச் சேர்த்து வைத்திருந்தது ராலிதான். பல்லடத்துக்குத் தெற்கே மின்சாரக் காற்றாடிகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தச் செம்மண் தடங்களில் நீ ஓட்டுவாய். நான் உன் இடப்பக்கம் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

நாம் முதல் நாளே மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் எழுதிக்கொள்வோம். பந்தயத்தன்று, கண்ணுக்கு வளைவு தெரியும் முன்பே நான் வாசிக்க வேண்டும். "நூறு. மேடு. வலது மூணு. உடனே இடது ரெண்டு." முதல் எண் மீட்டர் கணக்கில் தூரம். வளைவின் எண் சிறியதாக இருந்தால் வளைவு கடுமை. என் குரலை நம்பி நீ மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே வண்டியைப் பாய்ச்சுவாய். பயமாக இல்லையா என்று யாரோ கேட்டபோது, "பயம் அவனுக்கு. அவன் படிக்கறான், நான் ஓட்டறேன், அவ்வளவுதான்" என்றாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்குப் பிறகு யாரிடமும் கிடைக்கவில்லை.

கடைசி ஒரு வருடம் மட்டும் நீ அதிகமாக எழுதச் சொன்னாய். வளைவு மட்டும் போதாது. ஓரத்துக் கல், வேலி, தனி மரம், எல்லாம் வேண்டும் என்றாய். ஜெயிக்கும் வெறி என்று நினைத்தேன். நோட்டு இரண்டு மடங்கு தடித்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒருநாள் பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே கூப்பிட்டாய். "மாப்ள, கையைக் கழுவிட்டு ஏறு. குன்னூர் போறோம்."

தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு மகளிடம் போய்விட இருந்த ஒரு பெரியவர், தன் இரண்டு கார்களையும் கொடுத்துவிட நினைத்திருந்தார். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரும் கேட்டிருந்தார். ஆளுக்கு ஒன்று, யாருக்கு எது என்று முதலில் சொல்லும் உரிமை உனக்கு. உன் அப்பாவுக்கும் அவருக்கும் இருந்த பழக்கம் அப்படி.

ஷெட்டின் தகரக் கதவைத் திறந்ததும் நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். இடதுபுறம் ஒரு ஜப்பான் செடான், சாம்பல் நிறம், டர்போ வைத்தது. ஏதோ தூதரகத்துக்காரர் விட்டுப்போய் ஏலத்தில் வந்ததாம். பார்த்தால் ஆபீசுக்குப் போகிற வண்டி மாதிரி அடக்கமாக இருந்தது. வலதுபுறம் வெள்ளைக்காரர் காலத்துக்குக் கொஞ்சம் பிந்திய இங்கிலாந்து வண்டி, சிவப்பு, இரண்டு சீட்டு, கூரைக்குப் பதில் மடக்குகிற ஒரு கித்தான். பெரியவர் அதன் கதவை, வளர்த்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினார்.

செடானை முதலில் எடுத்தோம். கோத்தகிரி ரோட்டில் ஏறும்போது கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு டர்போ பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதுபோல முதுகு சீட்டில் அழுந்தியது. நீ சிரித்தாய். கல்லூரிக்காலத்துச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இடது ஓரத்திலிருந்து ஒரு பெண், தலையில் தேயிலை மூட்டையோடு, ரோட்டில் கால் வைத்தாள். நல்ல பகல். மறைப்பு ஏதும் இல்லை. உன் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. நான் கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். மூட்டை சரிந்து கண்ணாடியில் இலை சிதறியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தேண்டா" என்றாய். உன் குரல் சரியாக இல்லை.

திரும்பி வந்ததும் சிவப்பு வண்டியை நான்தான் ஓட்டிப் பார்த்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, யூகலிப்டஸ் காற்று முகத்தில் அடிக்க வந்தாய். "நாளைக்குச் சொல்றேனுங்க" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு ஜீப்புக்கு வந்தாய். மலை இறங்க நீயே சாவியை என்னிடம் கொடுத்தாய். அதுவும் புதிது.

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நின்றோம். கடைக்காரர் கிளாசை உன் இடது கைப்பக்கம் வைத்தார். நீ கையை நீட்டித் தட்டிவிட்டாய். டீ பெஞ்சில் ஓடியது.  என் கையை உன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"மாப்ள, எங்கையில எத்தனை விரல்?"

நீ நேராகப் பார்த்தபடியே, "எந்தக் கையில?" என்றாய்.

கேட்டதுமே, மாட்டிக்கொண்டது உனக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் உண்டு; ஹாஸ்டலில் இருட்டினால் நீ வெளியே வராததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. இப்போது இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. கோயமுத்தூரில் காட்டிவிட்டாய், மதராசிலும் காட்டிவிட்டாய். மருந்து இல்லை. உன் தாய்மாமனுக்கும் இதுதான் வந்தது. இன்னும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ.

"குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்கும்டா. ஆனா குழாய்க்குள்ள இருக்கறது பளிச்சுனு தெரியுது. பக்கத்துல இருக்கறதுக்குத்தான் நீ இருக்கியே."

அப்போதுதான் அந்தத் தடித்த நோட்டு எனக்கு விளங்கியது. ஒரு வருடமாக நீ என் குரலை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாய். எனக்கே தெரியாமல்.

சிவப்பு வண்டியை எடுத்துக்கொள் என்று நான் கெஞ்சினேன். அதில் வேகம் போக முடியாது. நாலு புறமும் திறந்து கிடக்கும், சத்தமாவது காதில் விழும். உனக்குக் கண் போன பிறகும் நான் ஓட்டுகிறேன், நீ காற்றில் உட்கார்ந்து வா என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உன் முகம் இறுகிவிட்டது.

"தெறந்த வண்டி வேடிக்கை காட்டறதுக்குடா. குருடனை உக்கார வெச்சு ஊர்வலம் போறதுக்கு. நான் ஓட்டோணும். அடுத்த ராலிய டர்போவுல ஓட்டிப்போட்டு நானே நிறுத்திக்கறேன். ஒண்ணே ஒண்ணு. வீட்டுல செல்விகிட்ட மட்டும் சொல்லிப்போடாத."

மறுக்க என்னால் முடியவில்லை. சரி என்றேன். அந்த "சரி"யை இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உன்மேல் இருந்த பிரியம் பாதி. மீதி என்னவென்றால், எனக்கும் அந்தக் கடைசி ராலி வேண்டியிருந்தது.

நீ செடானை எடுத்தாய். உன் மனைவி செல்விக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ரெண்டு சீட்டு வண்டியத் தூக்கிட்டு வந்துருவாரோன்னு பயந்துட்டே இருந்தேனுங்ண்ணா. பரவால்ல, எங்களையும் நெனச்சிருக்காரு" என்று என்னிடம் சொன்னாள். நான் அவள் போட்ட பலகாரத்தைத் தின்றுகொண்டு தலையாட்டினேன்.

மழை தள்ளிப்போனது, தேர்தல் வந்தது, ராலி தள்ளிக்கொண்டே போனது. ஏழு மாதம். நீ ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டுவதாகச் சொன்னாய். உன் மகள் பாப்பாவை மட்டும் ஏற்றாதே என்று கேட்டுக்கொண்டேன். "ஏத்துவனா?" என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

ராலிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மில்லுக்குக் கடைந்த ஒரு ஷாஃப்டைக் கொடுக்கக் காங்கேயம் வந்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். உன் வீட்டு வாசலில் காத்திருந்தபோது அந்தச் சாம்பல் வண்டி திரும்பி வந்தது. இடது கண்ணாடி ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் நீளமாக ஒரு கீறல். முன் சீட்டிலிருந்து உன் மகள், ஆறு வயது, பையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

"மாமா, இன்னைக்கு நான் பதினொண்ணு சொன்னேன்."

"என்ன அம்மணி பதினொண்ணு?"

"லெஃப்ட்ல வந்தது. ஆடு மூணு, சைக்கிளு, ஒரு தாத்தா. நான் சொன்னா அப்பா கரெக்டா ஒதுங்கிக்குவாங்க. முன்னால நீங்க சொல்லுவீங்களாமா. இப்ப நான். அம்மாகிட்ட சொல்லக்கூடாது, இது எங்க வெளையாட்டு."

நீ சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவிவிட்டு, கைகால் கழுவ வீட்டுக்குள்ளாகக் கிணற்றடிக்குப் போனாய். படியில் ஏறும்போது காலால் படியைத் தேடினாய். அதை நான் பார்த்தேன்.

உன்னிடம் நான் வந்திருக்க வேண்டும். கிணற்றடிக்குப் பத்தடிதான் தூரம். உன் முகத்துக்கு நேரே, "இனி நீ இந்த வண்டியைத் தொடக்கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைத் திட்டுவாய், அல்லது சிரித்து மழுப்புவாய், அல்லது அழுவாய். நீ அழுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. நான் நேரே சமையலறைக்குப் போய்ச் செல்வியிடம் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியுமுங்ண்ணா?"

"ஏழு மாசமா."

"ஏழு மாசம் எம்புள்ளைய அதுல அனுப்பிச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. கூடத்துக்குப் போய் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு அவள் என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் அண்ணா என்ற அந்தச் சொல் திரும்ப வரவில்லை.

வண்டியைக் கொப்பரைக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். நாலாம் நாள் நீ என் பட்டறைக்கு வந்தாய். காங்கேயத்திலிருந்து பஸ் மாறி, அவிநாசி ரோட்டை நீயே தாண்டி, தனியாக. வேட்டியில் முட்டிக்கு நேரே ரத்தம் உறைந்திருந்தது. லேத்துகளை நிறுத்தச் சொன்னேன். திடீரென்று வந்த அந்த அமைதியில் நீ என்னைக் குழாய் வழியாகத் தேடிப் பிடித்துப் பார்த்தாய்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்" என்றாய்.

"சொன்னனே மாப்ள. குன்னூர்லயே சொன்னேன்."

"கெஞ்சுன. சொல்லல. கெஞ்சறது வேற, சொல்றது வேற."

உட்கார் என்றேன். முட்டியைக் கழுவிவிடுகிறேன் என்றேன். "ராலிக்கு வேற ஆளைத் தேடிக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாய். பஸ் ஸ்டாப் வரைக்கும் உனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்தேன். நீ ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுத் தொட்டுப் போனாய். கை கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

நான் வேறு ஆளைத் தேடவில்லை. அந்த வருடத்தோடு எனக்கும் ராலி முடிந்தது. டர்போ வண்டியை உன் அப்பா யாருக்கோ விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது கெட்டதுகளில் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் செல்வி உன் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். நீ பார்க்க முடியாத ஆள் என்று தெரிந்தும் ஒளிந்தேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற வருடம், எனக்குத் தாங்கவில்லை. குன்னூரில் மற்ற வண்டியை எடுத்த பொள்ளாச்சிக்காரரிடம் போய், காரணத்தைச் சொல்லி, அந்தச் சிவப்பு வண்டியை ஒருநாள் இரவல் கேட்டேன். அவர் சாவியைக் கொடுத்து, "பொறுமையாப் போய்ட்டு வாங்க" என்றார். உன் வீட்டு வாசலில் நிறுத்தியதும் எஞ்சின் சத்தத்தை வைத்தே நீ கண்டுபிடித்துவிட்டாய். வெளியே வந்து பானட்டிலிருந்து கையை ஓட்டிக்கொண்டே வந்தாய். கண்ணாடிச் சட்டத்துக்குப் பிறகு கை வெறும் காற்றில் போனது. அங்கே கொஞ்சநேரம் கையை அப்படியே வைத்திருந்தாய்.

"குன்னூர் வண்டி" என்றாய்.

"ஏறு மாப்ள. தாராபுரம் ரோடு. ஆளே இருக்காது."

நீ ஏறினாய். இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி, மேய்ச்சல் காடு, வெயில். காற்று உன் சட்டையைப் பிடித்து உதறியது. உன் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் அறியாமலேயே என் வாய் ஆரம்பித்துவிட்டது. "இருநூறு. சின்ன மேடு. இடது நாலு."

"படிக்காதடா" என்றாய்.

நிறுத்தினேன்.

"எனக்கு இனி எதுக்கு அது?" கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சதூரம் போன பிறகு நீயே பேசினாய். "செல்விகிட்ட நீ சொன்னது சரிதான். நான் பண்ணுனது பைத்தியக்காரத்தனம். எம்புள்ளையக் கொன்னுருப்பேன். அதுக்கில்ல எனக்கு வருத்தம். அத்தனை வருசம் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு எனக்கு மொதல்ல சொன்னவன் நீ. இதை மட்டும் எனக்குக் கடைசியாச் சொன்ன."

வேகத்தைக் குறைத்தேன். "திருப்பிக்கோ, வெயிலா இருக்குது" என்றாய். வீட்டு வாசலில் இறங்கும்போது என் தோளைத் தட்டினாய். மன்னித்தாயா, வழியனுப்பினாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு போன் பேசினோம், மழையைப் பற்றியும் கொப்பரையைப் பற்றியும். வண்டிகளைப் பற்றிப் பேசவில்லை.

நீ தூக்கத்திலேயே போனாய் என்று செல்விதான் சொல்லியனுப்பினாள். பதினாறாம் நாள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கே ஒரு பெண் குழந்தை.

"மாமா, அப்பா எங்கிட்ட நல்லாச் சிரிச்சுப் பேசினது அந்தக் காருக்குள்ளதானுங்க. அதுக்கப்புறம் அப்படிச் சிரிச்சு நான் பாக்கல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியுமுங் மாமா. நானும் ஒரு அம்மாதான். ஆனா இதையும் உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்துச்சு" என்றாள்.

அவளுக்கு இருந்த தைரியம் அன்று எனக்கு இல்லை. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய ஆளிடம், நேராக வந்து சொன்னாள்.

போன மாதம் பட்டறையில் ஒன்று நடந்தது. என்னிடம் இருபது வருடமாக லேத்தில் நிற்கிற மாணிக்கத்துக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. மற்றவர்கள் அவன் மனைவியிடம் சொல்லலாம், அவன் தம்பியைக் கூப்பிட்டுப் பேசலாம் என்றார்கள். நான் மதியம் அவனோடு சாப்பிட உட்கார்ந்தேன். "மாணிக்கம், உனக்குக் கை நடுங்குது. இனி நீ லேத்துல நிக்கக் கூடாது" என்றேன். வேறு யாருக்கும் இதை இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவன் பாதிச் சோற்றோடு டிபன் பாக்சை மூடினான். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் எழுந்து போகவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உட்கார முடிந்தது, மாப்ள. அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

மூன்று நாள் அவன் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து, "ஸ்டோர்ல எதாச்சும் வேலை இருந்தா குடுங்க" என்று கேட்டான்.